காவலாளி ஏன் திரும்பினான்?: ஒளிந்தாடும் விளையாட்டுக்குக் களம் அமைத்தல்

ஒளிந்தாடும் கணினி விளையாட்டுக்காக நான் வரைந்த முதல் களத்தில் 14 காவலாளிகள் இருந்தார்கள். மூன்று மாடி அச்சகம், நள்ளிரவு நேரம், மேல்மாடியில் முதலாளி. ஆட்டக்காரர் உள்ளே புகுந்து, முதலாளியின் கதையை முடித்து, ஒருவர் கண்ணிலும் படாமல் வெளியேற வேண்டும். சுவர்களைத்தான் முதலில் கட்டினேன். இரும்புப் படிக்கட்டு, கூரைச் சாளரம், காகித உருளைகள் அடுக்கிய கிடங்கு எல்லாம் அழகாகவே வந்தன. பிறகு எந்த இடம் வெறுமையாகத் தெரிந்ததோ அங்கே ஒரு காவலாளியை நிறுத்திவைத்தேன். முதலில் விளையாடிப் பார்த்த நண்பர் ஒரே கதவருகே ஒன்பது முறை பிடிபட்டார். ஏன் மாட்டிக்கொண்டீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒன்பதாவது முறை அவர் சொன்னது: "தெரியவில்லை. அவன் திரும்பிவிட்டான்."

அந்தத் "தெரியவில்லை" வராமல் களம் அமைப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. எதிரியை அறிவாளியாக்கும் வழியைத் தேடி வந்தவர்களுக்கு இது ஏமாற்றமளிக்கலாம். என் காவலாளிகள் சற்று மந்தமானவர்கள். ஆனால் அவர்கள் செய்கிற ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அந்தக் காரணம் ஆட்டக்காரருக்குத் தெரியும்.

சுவருக்கு முன் முதலாளியின் பாதை

இலக்கு அசையாமல் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தால், களம் என்பது அந்த அறையை அடையும் நடைபாதையாகச் சுருங்கிவிடும். அவரை நடக்க விடுங்கள். ஹிட்மேன் விளையாட்டின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் பாரிஸ் களத்தைப் பாருங்கள். விக்டர் நோவிகோவ் ஃபேஷன் ஷோ நடக்கும் கீழ்த்தளத்தில் கூட்டத்தினூடே உலவுகிறார். டாலியா மார்கோலிஸ் மேல்தளத்தில் இரகசிய ஏலம் நடத்துகிறார். இருவரின் பாதைகளையும் ஒரு காகிதத்தில் வரைந்தால் அந்த அரண்மனையின் வரைபடத்தில் பாதி வந்துவிடும்.

நானும் இரண்டாம் முறை சுவர்களை அழித்துவிட்டு, வெள்ளைத் தாளில் முதலாளியின் சுற்றை மட்டும் வரைந்தேன். ஐந்து நிறுத்தங்கள்: அலுவலக அறை, அச்சு இயந்திரக் கூடத்தின் மேலே தொங்கும் இரும்பு நடைமேடை, மெய்ப்புத் திருத்துநர் அறை, அச்சுத் தகடு தயாரிக்கும் அறை, புகைபிடிக்கப் பின்முற்றம். ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் இரண்டு கேள்விகள் எழுதிக்கொண்டேன். இங்கே அவருக்கு என்ன வேலை? இங்கே அவர் எந்த வகையில் பலவீனமானவர்? நடைமேடையில் கைப்பிடிக் கம்பிமேல் சாய்ந்து இயந்திரத்தைப் பார்ப்பார். அந்தக் கம்பியின் திருகாணி தளர்ந்தது. தகடு அறையில் ஒளிபட்டால் கெட்டுப்போகும் தகடுகள் இருப்பதால் மங்கலான மஞ்சள் விளக்குதான் எரியும். முற்றத்தில் மெய்க்காவலனைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்வார், புகை அவனுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால். பலவீனம் ஏதும் தோன்றாத நிறுத்தத்தை நீக்கிவிடுங்கள். எனக்கு ஏழு இருந்தன, இரண்டை நீக்கினேன்.

முழுச் சுற்றுக்கு நாலரை நிமிடம். ஐந்தாறு நிமிடத்தைத் தாண்டினால், ஒரு வாய்ப்பைத் தவறவிட்ட ஆட்டக்காரர் காத்திருக்காமல், ஆட்டத்தை முன்பு சேமித்துவைத்த இடத்துக்குத் திரும்பிவிடுகிறார் என்பதை என் சோதனைகளில் கண்டேன். இரண்டு நிமிடத்துக்குள் சுற்று முடிந்தாலோ முதலாளி பொம்மை ரயில் போல ஆகிவிடுகிறார்.

ரோந்தும் கணக்கும்

என் முதல் களத்தின் பெரிய தவறு பள்ளிக்கூடக் கணக்கில் இருந்தது. ஒரு காவலாளியின் சுற்று 37 வினாடி, அடுத்தவனுடையது 53 வினாடி. இயல்பாக இருக்கட்டும் என்று அப்படி வைத்தேன். இரண்டு எண்ணுக்கும் பொதுவான காரணி இல்லாததால், இருவரும் ஒரே நேரத்தில் தொடக்க இடத்துக்கு வருவது 1,961 வினாடிக்கு ஒருமுறைதான். கிட்டத்தட்ட 33 நிமிடம். நண்பர் ஒளிந்திருந்து கவனித்துக் கற்றுக்கொள்ளப் பார்த்தார். கற்றுக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

இப்போது களம் முழுவதற்கும் ஒரே தாளம், 90 வினாடி. ரோந்துகள் 30, 45, 90 வினாடிச் சுற்றுகள். முதலாளியின் நாலரை நிமிடம் மூன்று தாளம். அப்படியானால் எல்லோரும் கடிகாரப் பொம்மைகள் போல இருப்பார்களே என்ற கவலை எனக்கும் வந்தது. அதற்கு, எடுக்கும் நேரத்தைத் தொடாமல் செய்யும் செயலை மாற்றினேன். அதே மூலையில் அதே ஆறு வினாடி நிற்பான். ஒருமுறை காலணிக் கயிற்றைக் கட்டுவான், ஒருமுறை அறிவிப்புப் பலகையைப் படிப்பான்.

கதவருகே நின்றவனுக்கு நான் கொடுத்திருந்த கட்டளை: நான்கு முதல் ஒன்பது வினாடிக்குள் ஏதாவது ஒரு கணத்தில் திரும்பு. நண்பரை ஒன்பது முறை பிடித்தது அந்தத் தற்செயல்தான். அவனுக்குப் பின்னால் ஒரு சுவர்க் கடிகாரத்தை மாட்டினேன். வேலை நேரம் முடியக் காத்திருப்பவன் அவன். 15 வினாடிக்கு ஒருமுறை திரும்பி மணி பார்ப்பான். திரும்புவதற்கு முன் பெருமூச்சு விடுவான். பிறகு தலை, பிறகு தோள், பிறகுதான் கால். இந்த வரிசைக்கு மொத்தம் 0.8 வினாடி கொடுத்தேன். அசைவுக் கலைஞருடன் சண்டைபோட்டு வாங்கிய 0.8 வினாடி அது, அவர் 0.3 போதும் என்றார். விட்டுக்கொடுக்காதீர்கள். உருளைக்குப் பின்னால் மறுபடி பதுங்க ஆட்டக்காரருக்கு உள்ள நேரம் அவ்வளவுதான்.

காவலாளிகளின் எண்ணிக்கை 14இலிருந்து 6 ஆனது. கடினம் குறையவில்லை.

இப்போது சுவர்கள்

பாதைகள் முடிவானபின் சுவர்கள் ஏறக்குறையத் தாமே வருகின்றன. மூன்று வகை இடங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்: யாரும் வரலாம், வேலைக்காரர் மட்டும் வரலாம், எவரும் வரக்கூடாது. எல்லையைத் தரையின் நிறமும் விளக்கும் கதவின் தன்மையும் சொல்ல வேண்டும். பலகை எழுதி ஒட்டினால் ஒருவரும் படிப்பதில்லை.

ஒவ்வோர் ஆபத்தான அறைக்கும் முன்னால், அதை நின்று பார்க்க ஒரு பாதுகாப்பான இடம் கொடுங்கள். மாடியிலிருந்து, கம்பி வலை வழியாக, கண்ணாடித் தடுப்பு வழியாக. ஒளிந்தாடும் விளையாட்டின் பாதி இன்பம் அங்கே இருக்கிறது. இதில் உங்கள் கேமராவையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆட்டக்காரரின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் விளையாட்டில் மூலைக்கு அப்பால் சும்மாவே தெரிந்துவிடும். பாத்திரத்தின் கண் வழியே பார்க்கும் விளையாட்டில் தெரியாது. டிஸ்ஆனர்ட் (2012) இதற்கு ஒரு சலுகை தந்தது: உடல் மறைவில் இருக்கும்வரை, பக்கவாட்டில் சாய்ந்து எட்டிப் பார்க்கும் தலையைக் காவலர்கள் காண்பதில்லை. நம்பத்தகாத சலுகைதான். ஆனால் அது இல்லாவிட்டால் பார்ப்பதே தண்டனையாகிவிடும்.

மறைவிடங்களுக்கு இடையே எவ்வளவு தூரம்? ஊகிக்காதீர்கள், கணக்குப் போடுங்கள். என் காவலாளி வினாடிக்கு 1.4 மீட்டர் நடக்கிறான். முதுகைக் காட்டியபடி 8 மீட்டர் போகிறான் என்றால் 5.7 வினாடி. ஆட்டக்காரர் குனிந்து வினாடிக்கு 2 மீட்டர் நகர்வார். அந்த நேரத்தில் 11 மீட்டருக்குச் சற்று மேல் கடக்கலாம். நான் வைக்கும் தூரம் அதில் பாதி, 6 மீட்டர் அளவில். மீதிப் பாதி தயங்குவதற்கு. தயங்காத ஆட்டக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரே வாசல் உள்ள அறை கூடாது. கழிப்பறைக்குக் கூடக் காற்றுத் துளை இருக்கட்டும். உள்ளே வர மூன்று வழிகள் வைத்தால் மூன்றுக்கும் விலை வேறாக இருக்க வேண்டும். என் அச்சகத்தில் முன்வாசலுக்கு வேலைக்காரரின் உடை வேண்டும், கூரைச் சாளரத்துக்குப் பொறுமை வேண்டும், காகிதம் இறக்கும் கதவுக்குத் துணிச்சல் மட்டும் போதும்.

மாறுவேடம் வைத்திருந்தால், அதை யார் கண்டுபிடிப்பார் என்பதில் நியாயம் வேண்டும். ஹிட்மேனில் மாறுவேடத்தைக் கண்டுகொள்ளக்கூடியவர்களின் தலைக்கு மேல் வெள்ளைப் புள்ளி தெரியும். என்னிடம் புள்ளி இல்லை. தகடு அறை ஊழியரின் உடையில் போனால் தகடு அறை மேற்பார்வையாளர் மட்டும் அடையாளம் காண்பார், தன் ஆட்களின் முகம் அவருக்குத் தெரியும் என்பதால். வாயிற்காவலன் உடையை மட்டும் பார்க்கிறான்.

கண்

பலரும் எதிரியின் பார்வையை ஒரு கூம்பாக வரைகிறார்கள். கண்ணிலிருந்து கிளம்பித் தூரம் போகப்போக விரியும் கூம்பு. இது இரண்டு பக்கமும் தவறு. அருகே, காவலாளியின் தோளை உரசிக்கொண்டு நிற்பவர் கூம்புக்கு வெளியே இருப்பார். அவன் பார்க்கமாட்டான், நமக்குச் சிரிப்பு வரும். தொலைவில், 18 மீட்டருக்கு அப்பால் ஓரத்தில் ஒருவர் நகர்ந்தாலும் கூம்புக்குள் விழுவார். அவன் பாய்வான், நமக்குக் கோபம் வரும்.

1998இல் வந்த தீஃப் விளையாட்டிலேயே இதற்கு விடை இருந்தது. ஒரே காவலாளிக்குப் பல பார்வைக் கூம்புகள், ஒவ்வொன்றுக்கும் வேறு கூர்மை. ஸ்பிளின்டர் செல் பிளாக்லிஸ்ட் (2013) சவப்பெட்டி வடிவத்தைப் பயன்படுத்தியது: கண்ணருகே குறுகி, சற்றுத் தள்ளி விரிந்து, தொலைவில் மறுபடி குறுகும். நான் அந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டேன்.

என் எண்கள் இவை. உங்களுக்கு வேறாக அமையலாம். 4 மீட்டருக்குள், வெளிச்சத்தில், நேர் எதிரே: 0.3 வினாடியில் பிடிபடுவார். 4 முதல் 12 மீட்டர்: நின்றால் 1.5 வினாடி, குனிந்தால் 3. 12 முதல் 20 மீட்டர்: சந்தேகம் மட்டுமே எழும், எவ்வளவு நேரமானாலும் முழுமையாக அடையாளம் காணமாட்டான். பக்கவாட்டில் 3 மீட்டர்வரை அசைவு மட்டும் தெரியும். உயரத்தில் தாராளமாக இருங்கள். டிஸ்ஆனர்டில் காவலர்கள் அண்ணாந்து பார்ப்பது அரிது. அதனால்தான் அங்கே கூரைகள் ஆட்டக்காரரின் நாடாக இருக்கின்றன.

ஒரு பிழையில் மூன்று வாரம் போனது. காவலாளியின் கண்ணிலிருந்து ஆட்டக்காரரின் தலை, மார்பு, கைகள், முழங்கால்களுக்குக் கற்பனைக் கோடுகள் போட்டு, ஏதாவது ஒன்று தடைபடாமல் போனால் "பார்த்துவிட்டான்" என்று எழுதியிருந்தேன். உருளைக்குப் பின்னால் முழுவதும் மறைந்திருந்த ஒருவர் முழங்கால் நுனியால் மாட்டிக்கொண்டே இருந்தார். இப்போது எத்தனை கோடுகள் எட்டுகின்றனவோ அந்த விகிதத்தில் சந்தேகம் ஏறுகிறது. முழங்கால் மட்டும் தெரிந்தால் ஏறவே ஏறாது. நிஜத்தில் முழங்காலைப் பார்த்தாலும் கத்துவார்கள் என்று எங்கள் நிரலாளர் வாதிட்டார். என் பதில்: நிஜத்தில் நம் முழங்கால் எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்; திரையில் தெரியாது.

காது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அச்சகத்தைத் தேர்ந்தெடுத்ததே இதற்காக.

ஒலியை நேர்கோட்டுத் தூரத்தில் அளந்தால், கான்கிரீட் தளத்துக்கு மேலே நடப்பதைக் கீழே இருப்பவன் கேட்டுவிடுவான். ஒலி நடக்கும் வழியில் அளவிடுங்கள்: அறையிலிருந்து கதவு, கதவிலிருந்து படிக்கட்டு, படிக்கட்டிலிருந்து கூடம். தீஃப் அப்படித்தான் அறை அறையாக ஒலியைக் கடத்தியது. இதில் இன்னொரு லாபம் உண்டு. காவலாளி ஒலி பிறந்த புள்ளியை நோக்காமல், அது தன்னிடம் வந்து சேர்ந்த கதவை நோக்கித் திரும்புவான். பார்க்க மனிதத்தனமாக இருக்கும், ஆட்டக்காரருக்கும் ஒரு கணம் கிடைக்கும்.

தரை முக்கியம். தீஃபில் கம்பளத்தில் நடந்தால் ஒலி அடங்கும், உலோகத்திலும் ஓடுகளிலும் அதிரும். ஆட்டக்காரர் அம்பெய்து பாசியைப் பரப்பி அதன்மேல் நடக்கலாம். நான் குறுகிய வழிகளுக்கு இரும்புத் தரையும் நீண்ட வழிகளுக்கு மரத் தரையும் கொடுத்தேன். ஆட்டக்காரர் தன் சத்தத்தைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும். மார்க் ஆஃப் தி நிஞ்சா (2012) ஒலியை வட்டமாக வரைந்து காட்டுகிறது. ஸ்பிளின்டர் செல் கேயாஸ் தியரி (2005) ஒரு மானியில் சுற்றுப்புற இரைச்சலையும் நம் சத்தத்தையும் சேர்த்தே காட்டுகிறது. சுற்றுப்புறத்தைவிடக் குறைவாக இருந்தால் கவலையில்லை.

இங்கேதான் இயந்திரம் வருகிறது. பெரிய அச்சு இயந்திரம் ஓடத் தொடங்குமுன், அருகில் இருப்பவர்கள் விலகுவதற்காக எச்சரிக்கை மணி அடிக்கும். என் களத்தில் 5 வினாடி மணி, 45 வினாடி ஓட்டம், 40 வினாடி நிறுத்தம். அதுதான் அந்த 90 வினாடித் தாளம். ஓடும்போது இரும்பு நடைமேடையில் ஓடினாலும் எவருக்கும் கேட்காது. நின்றுவிட்டால் ஓர் அடிவைப்பும் கேட்கும். மணி ஒலித்ததும் நாற்காலி நுனிக்கு வந்து பொத்தானில் விரலை வைத்துக் காத்திருக்கும் ஆட்டக்காரர்களைப் பார்த்தபோது, 14 காவலாளிகளாலும் செய்ய முடியாததை ஒரு மணி செய்துவிட்டது என்று தோன்றியது. இரைச்சலில் காவலாளிகளின் பேச்சும் ஆட்டக்காரருக்குக் கேட்காது, அவர்கள் வருவதும் கேட்காது. அதையும் அப்படியே விடுங்கள்.

சந்தேகம், தேடல், மறதி

காவலாளிக்கு ஐந்து நிலைகள் வைத்திருக்கிறேன்: நிம்மதி, ஐயம், தேடல், மோதல், தணிதல். 1987இன் மெட்டல் கியர் காலத்திலிருந்தே தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி இந்த நிலைமாற்றத்தை அறிவித்துவருகிறது. அதைவிட நல்ல வழியை எவரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. பேச்சும் அதே வேலையைச் செய்யும். எஃப்.இ.ஏ.ஆர். (2005) விளையாட்டின் வீரர்கள் கூடித் திட்டமிடுவது போலத் தோன்றுவதில் அவர்கள் ஒருவருக்கொருவர் கூவிக்கொள்ளும் வசனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. என் காவலாளி ஐயமுற்றால் நடையை நிறுத்துவான், பேசுவான், பிறகே திரும்புவான். இருவர் சேர்ந்து கேட்டால் ஒருவன்தான் போவான், மற்றவன் "பார்த்துவிட்டு வா" என்பான். இருவரும் போனால் ஆட்டக்காரருக்கு வழி அடைபடும். ஒருவரும் போகாவிட்டால் கல்லெறிந்து திசைதிருப்பும் வித்தை பயனற்றுப்போகும்.

தேடும்போது அவனுக்குத் தெரிந்தது கடைசியாகப் பார்த்த இடம் மட்டுமே. ஸ்பிளின்டர் செல் கன்விக்ஷன் (2010) அந்த இடத்தில் ஆட்டக்காரரின் நிழலுருவத்தையே வரைந்து காட்டியது: எதிரி இங்கே இருப்பதாக நினைக்கிறான், நீ வேறெங்காவது போ. எங்கள் விளையாட்டில் தேடல் 25 வினாடி. அருகிலுள்ள இரண்டு மறைவிடங்களைத் திறந்து பார்ப்பான். முதல் தேடலில், ஆட்டக்காரர் இருக்கும் மறைவிடத்தை அவன் கடைசியாகத் தேர்ந்தெடுப்பான். அதற்குள் பெரும்பாலும் நேரம் முடிந்துவிடும். இது ஏமாற்றுதானே என்றால், ஆம். பக்கத்து அலமாரி திறக்கப்படும் சத்தத்தை உள்ளிருந்து கேட்பதற்காகச் செய்த ஏமாற்று.

எதிர்த் திசையில் ஏமாற்றாதீர்கள். ஒரு காலத்தில் என் காவலாளிகள் எல்லோரும் ஒரே நினைவுப் பட்டியலைப் பகிர்ந்தார்கள். ஒருவன் கண்டதும் ஆறு பேரும் அந்தக் கணமே திரும்பினார்கள், முற்றத்தில் நின்றவன் உட்பட. இப்போது கண்டவன் கத்த வேண்டும். கத்தல் ஒலியாகப் பரவ வேண்டும். இயந்திரம் ஓடினால் அதுவும் கேட்காது. வாக்கிடாக்கியில் சொல்ல 3 வினாடி ஆகும். அந்த 3 வினாடிக்குள் அவனை மடக்கியவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தணிந்தபின் எல்லாம் பழையபடி ஆகிவிடக் கூடாது. மெட்டல் கியர் சாலிட் 5 (2015) தலையைக் குறிவைத்தே சுடுபவருக்கு எதிராக வீரர்களுக்குத் தலைக்கவசம் கொடுத்தது. எங்களிடம் அவ்வளவு வசதியில்லை. ஒருமுறை தேடிய காவலாளி அதன்பின் கைவிளக்கை அணைப்பதில்லை, அவ்வளவுதான். அவன் வெளிச்சம் ஆபத்தும் ஆகிறது, அவன் எங்கே இருக்கிறான் என்று காட்டியும் கொடுக்கிறது.

உடல்களைப் பற்றிச் சுருக்கமாக: களத்தின் ஒவ்வொரு பகுதிக்குள்ளும், வீழ்த்தப்பட்ட ஓர் உடலை மறைக்க ஒரு பெட்டியாவது அருகில் இருக்கட்டும்.

சோதனை

வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாக இருக்கும்போதே பிறரிடம் கொடுத்துவிடுங்கள். காகித உருளைக்கு ஓர் உருளையும் காவலாளிக்கு மூக்கு முளைத்த ஒரு மாத்திரை வடிவமும் போதும். அழகு சேர்த்தபின் சுவரை நகர்த்த மனம் வராது. பிடிபட்ட இடங்களை வரைபடத்தில் புள்ளிகளாகப் பதியுங்கள். புள்ளிகள் சிதறியிருந்தால் நல்லது. ஒரே கதவில் குவிந்தால் அங்கே ஏதோ மறைந்திருக்கிறது. பிடிபட்ட கணமே விளையாட்டை நிறுத்தி, ஏன் என்று கேளுங்கள். "இயந்திரம் நின்றதைக் கவனிக்கவில்லை" என்றால் விட்டுவிடலாம். "தெரியவில்லை" என்றால் அன்றைய வேலை அதுதான்.

அவர்கள் பிடிபடாத இடங்களையும் கவனியுங்கள். போன மாதம் ஒருவர் கிடங்கில் உருளைக்குப் பின்னால் 11 நிமிடம் அசையாமல் இருந்தார். வழி தெரியாமல் திகைக்கிறார் என்று நினைத்து, அந்த இடத்துக்கு ஒரு குறிப்பு விளக்கு போட வேண்டும் என்று எழுதிக்கொண்டேன். பிறகு கேட்டபோது, வாசலில் இரண்டு காவலாளிகள் சம்பளப் பாக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் முதலாளியிடம் கேட்டார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தேன் என்றார். நான் எழுதியிருந்தது நான்கு வரி. அதுவே திரும்பத் திரும்ப ஒலித்திருக்கிறது. விளக்குக் குறிப்பை அடித்துவிட்டு, அன்று இரவு மீதி உரையாடலை எழுதினேன்.